மணலில் எழுதிய எழுத்து

குழந்தையின் கையில் ஒரு கண்ணாடிப் பலகையைக் கொடுத்துவிட்டு, "இனிப் பள்ளிக்கூடமே அடியோடு மாறிவிடும்" என்று பேசிக்கொள்கிறோம். இதே பேச்சை இங்கிலாந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கிறது. அப்போது அதிசயப் பொருளாக இருந்தது மணல். அதுவும் நம் சென்னைப் பட்டணத்து மணல் என்றால் நம்பச் சற்றுச் சிரமமாகத்தான் இருக்கும்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பள்ளிக்கு மேற்பார்வையாளரானார். ஐரோப்பியப் போர்வீரர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதை அவர் ஒருநாள் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உபாத்தியாயர்கள், "நடவாத காரியம்" என்று கையை விரித்தார்கள். பெல் விடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் கற்பித்துக் காட்டிவிட்டான்!

1797ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' பரவியது. ஒரே கூடம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். செலவு மிகச் சொற்பம். இதைக் கண்டுபிடித்தவர் பெல்லா, லங்காஸ்டரா என்று அங்கே பெரிய சண்டைகூட நடந்தது. நம் திண்ணை வாத்தியாரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

பெல் கொண்டுபோனது மணலையும் சட்டாம்பிள்ளையையும்தான். திண்ணையில் மணல் வெறும் சிக்கனமாக மட்டும் இருக்கவில்லை. எழுதியது மறுகணம் அழிந்துவிடும். ஆகவே நெஞ்சில் நின்றாக வேண்டும். மாகாணி, அரைக்கால் என்று எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்த பையன், களத்து நெல்லையும் கடைக் கணக்கையும் மனத்திலேயே போட்டான். அதற்காகத் திண்ணையைக் கோயிலாக்கிவிட வேண்டாம். பிரம்பு உண்டு, எல்லாச் சாதிக்கும் இடமில்லை, பெண்குழந்தைகள் அபூர்வம். ஏழைக் குழந்தைகள் ஏராளமானோரை உட்காரவைத்த பெருமை பெல்லுக்கு உரியதே. ஆனால் கூடம் நிறைந்ததே தவிர, படிப்பு யந்திரமாயிற்று. 1846ல் இங்கிலாந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர்களை உருவாக்கும் வேறு வழிக்குத் திரும்பியது.

இங்கே 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். 2020ல் கொள்ளைநோய் பள்ளிகளைப் பூட்டியபோது பாடம் கைபேசிக்குள் புகுந்தது. பல வீடுகளில் ஒரே கைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மறு ஆண்டு, 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை மாலை வேளைகளில் தெருத்தெருவாக அனுப்பினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்ணொருத்தி, சுற்றிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகள், நடுவில் உரத்த குரலில் ஒரு வாய்ப்பாடு.