பந்தயக் கார் எண் (ஃபார்முலா 1)

ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓட்டுநரையும் காரையும் அடையாளங்காட்டும் எண். 1974க்கு முன் ஒவ்வொரு போட்டியின் அமைப்பாளர்களே எண்களை வழங்கினர். 1974 முதல் அணிகளுக்கு நிலையான எண்கள் அளிக்கப்பட்டன. உலக வாகையரின் அணி 1, 2 ஆகியவற்றைப் பெற்றது. 1996 முதல் 2013 வரை முந்தைய ஆண்டின் அணித் தரவரிசை பின்பற்றப்பட்டது.

2014 முதல் ஓட்டுநர்கள் 2 முதல் 99 வரை தமக்கான எண்ணைத் தேர்கின்றனர். ஒரே எண்ணைப் பலர் கோரினால் முந்தைய ஆண்டுத் தரவரிசையில் முன்நிற்பவருக்கு முன்னுரிமை உண்டு. எண் 1 நடப்பு வாகையருக்கு மட்டும் உரியது, ஆயினும் கட்டாயமில்லை. லூயிஸ் ஹாமில்டன் வாகையரான பின்னும் 44ஐத் தொடர்ந்தார். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2022இல் 33ஐ விட்டு 1ஐ ஏற்றார். பந்தய விபத்தில் காயமுற்று 2015இல் இறந்த ஜூல்ஸ் பியான்கியின் நினைவாக 17 விலக்கப்பட்டது.