கல் தூக்கிய காலமும் நம் காலமும்



தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றவர்கள், அங்கே மேடைமீது வைக்கப்பட்டுள்ள கல்லைக் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள அதனைத் தலைக்குமேல் 101 முறை தூக்கிய இளைஞரே திருவிதாங்கூர்ப் படையில் சேர்க்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மரின் படை முறியடித்தது. உடல்வலிமையே நாட்டின் காவலாக விளங்கிய காலம் அது.

அக்கல் இளைஞருக்கு உரியது. படையில் சேராத பெரும்பான்மையினருக்கோ அன்றாட உழைப்பே பயிற்சியாக அமைந்தது. குழித்தறியில் காலும் கையும் ஓயாது இயங்கின. தக்கலையில் அடங்கியுள்ள மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களும் நெசவு செய்து வாழ்ந்தார்கள் என்பது மரபு. பெண்கள் நெல் குத்தினர். கிணற்றில் நீர் இறைத்தனர். அடிமுறையும் சிலம்பமும் கற்பித்த ஆசான்மார் வர்ம வைத்தியமும் அறிந்திருந்தனர். வயது முதிர்ந்த பின்னரும் களரியில் நின்று சுவடு சொல்லித் தந்தனர்.

இன்று நெல்லை ஆலை குத்துகிறது; நீரை மோட்டார் இறைக்கிறது; அடுத்த தெருவுக்கும் இருசக்கர வாகனத்தில் செல்கிறோம். இவ்வாறு உழைப்புக் குறைந்தால் உடல் என்னாகும் என்பதை லண்டன் பேருந்துகளே உலகிற்கு உணர்த்தின. அங்கு நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று மருத்துவர் ஜெரமி மோரிஸ் 1953-இல் வெளியிட்டார்.

நமக்கோ இதற்கும் முற்பட்ட முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதலில் அன்னையார் வென்றதையும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் வென்றதையும் ஹதீஸ்கள் கூறுகின்றன. ஐம்பதைக் கடந்த மதீனா வாழ்விலும் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்கு நடந்தும் வாகனத்திலும் சென்றுவந்தார்கள். ஆகவே உடற்பயிற்சி ஆண்களுக்கு மட்டுமோ இளமைக்கு மட்டுமோ உரியதன்று.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், சிறுவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம், 65 வயதைக் கடந்தோருக்கு, விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள்.

இளைஞர்கள் விளையாட இடம் தேடிக்கொள்கிறார்கள். நாற்பதைக் கடந்த நம் தாய்மாரும் சகோதரிகளும் எங்கே நடப்பார்கள்? சர்க்கரையும் மூட்டுவலியும் வந்தபின் மருந்துக்குச் செலவிடுகிறோம். வருமுன் நடப்பதற்கு இடம் தந்தோமா? ஜமாஅத்திற்கு உரிய மைதானத்தில் தினமும் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்குவது பற்றிப் பொதுக்குழு சிந்திக்க வேண்டும். ஆண்கள் ஒரு வக்துக்கேனும் வாகனத்தை வீட்டில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு நடந்து வரலாம். அந்த ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை இறுதிவரை பேணிக்காக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.