நம்ம பழைய நோட்டுகளின் வரலாறு: எதை வைக்கணும், எதை அழிக்கணும்



இந்த மலரில் நம்ம கூட்டமைப்பு எத்தனை குழுவா வளர்ந்தது, எவ்வளவு கடன் வாங்கினோம், எவ்வளவு கட்டினோம் என்று மற்றவர்கள் எழுதுகிறார்கள். நான் அந்தக் கணக்கையெல்லாம் சுமந்த நோட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். ஏன்னா ஒவ்வொரு வருஷமும் மார்ச் 31-ல் கணக்கு முடிக்கும்போது எல்லாக் குழுவிலும் ஒரே கேள்விதான் வருது. "பீரோ நிறைஞ்சு போச்சு, இந்தப் பழசையெல்லாம் என்ன பண்றது?" ஒரு அக்கா எடைக்குப் போடலாம்பாங்க. இன்னொரு அக்கா போகியில எரிச்சிடலாம்பாங்க. மூணாவது அக்கா எதையும் தொடாதே, அப்படியே இருக்கட்டும்பாங்க. மூணு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கு, கொஞ்சம் ஆபத்தும் இருக்கு.

ஓலைக் காலம்

கணக்கை எழுதி வைப்பது நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. பெரியபுராணத்தில் சுந்தரர் கதை எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் கோபத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அங்கே காப்பில் இருந்த வேறொரு ஓலையை எடுத்து வந்து, சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்திக் கதைதான், ஆனா கணக்கு எழுதுகிற நமக்கும் அதில் பாடம் இருக்கு. மூலம் வேற, நகல் வேற. மூலம் இருக்கிற வரைக்கும் நகல் கிழிஞ்சாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது.

வசம்பு பூசி எவ்வளவு பத்திரமா வைத்தாலும் ஓலை ஒருநாள் செல்லரிக்கும். அதனால் பழசைப் பார்த்துப் புதுசில் எழுதிக்கொண்டு, பழசை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது ஒரு வழக்கம். நெருப்பில் இடுவது இன்னொரு வழக்கம். புதுசில் எழுதாமலே பழசை விட்ட இடங்களும் உண்டு, அங்கேதான் நஷ்டம் வந்தது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் நெருப்புக்குப் போய்விட்டதை அறிந்து மனம் நொந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் அழித்தால் திரும்பி வராது.

கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்து நம்ம கைக்கு

அதற்கப்புறம் காகிதம் வந்தது. ஆனா ஊர்க் கணக்கு ஒரே வீட்டில்தான் இருந்தது. அப்பாவுக்குப் பின் மகன் என்று பரம்பரையாகக் கர்ணம், கணக்குப்பிள்ளை என்ற பெயரில் எழுதினார்கள். யார் நிலம் யார் பேரில் என்று தெரியணும்னா அந்தத் திண்ணையில் போய் நிற்கணும். 1980 நவம்பரில்தான் தமிழ்நாடு அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

அதிலிருந்து ஒன்பது வருஷம் கழித்து, 1989-ல், தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை ஆரம்பித்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவத் தொடங்கியது. ஒரு வீட்டு ஆண்கள் மட்டும் எழுதி வந்த ஊரில், கூலிக்குப் போகிற பெண்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுத உட்கார்ந்தார்கள். இதை நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

அப்போ வந்தவைதான் இந்த நோட்டுகள். தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, ரசீதுப் புத்தகம், வவுச்சர், ஆளுக்கு ஒரு பாஸ்புக். எங்க ஊரில் என் மாமியார் காலத்துத் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் முதல் பக்கங்களில் வரிசையாகக் கைநாட்டு இருக்கும். சில பக்கம் தள்ளி, கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. இன்னும் தள்ளிப் போனால் கைநாட்டே இல்லை. எப்போ கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்கன்னு அவங்க யாரும் தேதி குறிச்சு வைக்கலை. நோட்டு குறிச்சு வச்சிருக்கு.

ஜெராக்ஸ் வந்த பிறகு

பழைய நோட்டில் பேரும் தொகையும்தான் இருந்தது. அது எடைக்குப் போனாலும் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. 2010-ல் ஆதார் வந்த பிறகு நிலைமை வேற. இப்போ ஒரு வங்கிக் கடனுக்கு உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, போட்டோ, பாஸ்புக் முதல் பக்கம், போன் நம்பர், பல இடத்தில் கையெழுத்து. ஒரு பெண் பேரில் ஏமாற்ற நினைக்கிறவனுக்குத் தேவையானது எல்லாம் ஒரே கட்டில் இருக்கு.

நம்ம பக்கத்துக் கடையில் ஒரு தடவை கடலை மடிச்சுக் கொடுத்த காகிதமே ஒரு குழுவோட கடன் விண்ணப்பமாக இருந்தது. போட்டோவோடு இருந்தது. அந்தப் பெண் மட்டும் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைச்சிருப்பாள்? நம்பித்தானே கொடுத்தாள்.

அதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு வங்கியில், எப்போதோ கட்டி முடித்த கடன் பாக்கி நிற்கிறது என்று ஒரு குழுவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். புதுக் கடன் கிடையாது என்றார்கள். அந்தக் குழு டிரங்குப் பெட்டியிலிருந்து கடன் முடிப்புச் சான்றை எடுத்துக் காட்டியது. அன்றே விஷயம் தீர்ந்தது. அந்த ஒற்றைத் தாள் போகிக்குப் போயிருந்தால் பன்னிரண்டு குடும்பத்தின் கடன் நின்றிருக்கும்.

பிரிப்பது எப்படி

அரசு அலுவலகங்களில் முடிந்த கோப்பை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று பிரித்துக் கட்டுகிறார்கள். நாங்களும் அதே மாதிரி நாலு கட்டு போடுகிறோம்.

முதல் கட்டு, என்றைக்கும் வைப்பது. தீர்மானப் புத்தகங்கள், குழு தொடங்கிய தீர்மானம், கூட்டமைப்புப் பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கைகள், கடன் முடிப்புச் சான்றுகள்.

இரண்டாம் கட்டு, எட்டு வருஷம் வைப்பது. ரொக்கப் புத்தகம், பேரேடுகள், வவுச்சர், ரசீது அடிக்கட்டை, வங்கி அறிக்கை. 2013 கம்பெனிச் சட்டம் கம்பெனிகளைக் கணக்குப் புத்தகங்களை எட்டு வருஷம் வைக்கச் சொல்கிறது. நாம கம்பெனி இல்லை, ஆனாலும் ஒரு அளவு வேணுமே என்று அதை எடுத்துக்கொண்டோம். கடனோ வழக்கோ பாக்கி இருந்தால் எட்டு முடிந்தாலும் தொடக்கூடாது.

மூன்றாம் கட்டு, உரியவங்க கையில் திருப்பிக் கொடுப்பது. கடன் முடிந்தவுடன் புரோநோட்டை அந்த உறுப்பினரிடமே கொடுக்கணும். "முடிஞ்சது" என்று குறுக்கே எழுதி, அவங்க கண் முன்னால் கிழிக்கணும். அந்தக் காலத்திலும் கடன் பத்திரத்தை அப்படித்தான் கிழித்தார்கள். கணக்கை மூடினால் மீதி செக் தாள்களை வங்கியிலேயே ஒப்படைக்கணும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் ஒன்றுகூடப் பெட்டியில் கிடக்கக்கூடாது.

நான்காம் கட்டு, அழிப்பது. கூடுதல் ஜெராக்ஸ், நிராகரித்த விண்ணப்பம், மிஞ்சிய போட்டோ, கிறுக்குத் தாள், தலைவி மாறிய பிறகு செல்லாத பழைய ரப்பர் முத்திரை. போனில் வாட்ஸ்அப் வழியா வந்த ஆதார் படங்களும் இந்தக் கட்டில்தான் சேரும்.

அழிப்பது எப்படி

போகி நெருப்பு போதாது. நோட்டைக் கட்டாகப் போட்டால் ஓரம் கருகும், நடுப்பக்கம் அப்படியே வாசிக்கிற மாதிரி இருக்கும். காற்றில் பாதித் தாள் தெருவுக்குப் போகும். லேமினேஷன் எரிந்தால் புகை பிள்ளைகளுக்கு ஆகாது.

அதைவிட நல்ல வழி நம்ம பாட்டிகளிடம் இருந்தது. முறத்து ஓட்டை அடைக்கக் காகிதத்தை ஊற வைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டிப் பூசுவார்களே, அதேதான். பின்னையும் கிளிப்பையும் எடுத்துவிட்டு, தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, மூணு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, உரலில் இடித்தால் கூழாகிவிடும். எந்த நம்பரும் மிஞ்சாது. ஒரு குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் பூசிக் காயவைத்தால் கூடையும் கிடைக்கும். லேமினேஷன், பழைய ஏ.டி.எம். கார்டு, ரப்பர் முத்திரை இதையெல்லாம் கத்திரியால் வெட்டணும். கார்டில் சிப்பும் கறுப்புப் பட்டையும் துண்டாகணும்.

இதில் ஒரு கண்டிப்பு இருக்கு. ஊக்குநர் தனியாக அழிக்கக்கூடாது. பட்டியல் எழுதி, கூட்டத்தில் வாசித்து, தீர்மானம் போட்டு, பக்கத்துக் குழுவிலிருந்து ஒருத்தர் சாட்சியாக நிற்க அழிக்கணும். என்ன அழித்தோம், எந்தத் தேதியில், யார் முன்னால் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கணும். கணக்கில் தப்பு பண்ணினவங்களும் நோட்டை அழிக்கத்தான் பார்ப்பாங்க. நாம அழிப்பது அந்த மாதிரி இல்லை என்று காட்ட அந்தத் தீர்மானம் ஒன்றுதான் சாட்சி. தணிக்கை முடியாத வருஷத்துத் தாளை எந்தக் காரணத்துக்கும் தொடாதீங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்லாக் குழுவும் தன் முதல் தீர்மானப் புத்தகத்தைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வரணும். இப்போ கணக்கெல்லாம் போனில் ஏறுது, இனி வரும் பெண்கள் கைநாட்டு வைத்த பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். கரையான் ஏறாத இரும்புப் பீரோ ஒன்றில், வேப்பிலை போட்டு, குழுப் பெயர் எழுதி அடுக்கி வைப்போம். நம்ம ஊர்ப் பெண்கள் பேரில் பெரும்பாலும் பட்டா கிடையாது, கல்வெட்டும் கிடையாது. வாரா வாரம் உட்கார்ந்து பத்து ரூபாய் இருபது ரூபாய் போட்டதற்கு இருக்கிற எழுத்து இது ஒன்றுதான். வருகிற மார்ச் கூட்டத்தில் இதையும் ஒரு தீர்மானமாக வைக்கும்படி எல்லாக் குழுத் தலைவிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.