ரீட் நம்பர் மூன்றரையும் என் நுரையீரலும்

இன்னிக்கு ஒரு சின்ன மூங்கில் சில்லைப் பத்திப் பேசப் போறோம். மூங்கில்னு சொன்னதே தப்பு. அது நாணல் மாதிரி உயரமா வளர்ற ஒரு புல். அருண்டோ டோனாக்ஸ்னு பேரு. அதைச் சீவி, முனையைக் காகிதம் மாதிரி மெல்லிசாக்கி, கிளாரினெட் மவுத்பீஸ் மேல கட்டினா அதுதான் ரீட்.

எனக்கு இதுல ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. பத்தொன்பது வயசுல செகண்ட் ஹேண்ட் கிளாரினெட் ஒண்ணு வாங்கி ஒரு இடத்துல கத்துக்கப் போனேன். இடத்தோட பேர் வேண்டாம். அங்கே சீனியர்கள் எல்லாரும் மூன்றரை நம்பர் ரீட் போட்டு வாசிப்பாங்க. ரெண்டு, ரெண்டரை எல்லாம் சின்னப் பசங்களுக்குன்னு ஒரு பேச்சு. நானும் மூன்றரை வாங்கினேன். ஊதினா சத்தத்தைவிட காத்துதான் அதிகமா வந்தது. பத்து நிமிஷத்துல தலை சுத்தும். "உனக்கு மூச்சு பத்தலை, இந்த வாத்தியம் உனக்கு வராது"ன்னு சொல்லிட்டாங்க. நானும் நம்பிட்டேன். எட்டு மாசத்துல பெட்டியை மூடி அலமாரி மேல வெச்சாச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு அதை விக்கலாம்னு ரிப்பேர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் கல்யாண பேண்டுல வாசிச்சவர். மவுத்பீஸைக் கழட்டி, ரீட்டை அது மேல வெச்சு, டியூப்லைட் வெளிச்சத்துல பக்கவாட்டுல பார்த்தார். "தம்பி, இது வாய் பெருசு. இதுக்குப் போய் மூன்றரையா?"ன்னு கேட்டுட்டு, டிராயர்லேர்ந்து ரெண்டரை எடுத்து மாட்டிக் கொடுத்தார். ஊதினேன். முதல் தடவையா முழுசா ஒரு சுரம் வந்துச்சு. கோவமும் வந்துச்சு, அதையும் சொல்லிடணும்.

அவர் பார்த்தது என்ன? மவுத்பீஸோட அடிப்பக்கம் தட்டையா இருக்கும். ஆனா முனையை நெருங்கும்போது அது லேசா வளைஞ்சு ரீட்டை விட்டு விலகும். அந்த வளைவுதான் ஃபேஸிங். முனையில ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவுல மிஞ்சுற சந்து, டிப் ஓப்பனிங். கடைக்காரர் 'வாய்'னு சொன்னது அதைத்தான். ஊதும்போது ரீட் இந்தச் சந்தை மூடி மூடித் திறக்கும். ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கிற அந்த 'ஏ' சுரத்துக்கு நொடிக்கு 440 தடவை. சந்து பெருசா இருந்தா, ரீட் வளைய வேண்டிய தூரம் அதிகம். அப்போ ரீட் இளக்கமா இருக்கணும். சந்து சின்னதா இருந்தா கெட்டியான ரீட் வேணும், இல்லேன்னா கொஞ்சம் அழுத்தினாலே மூடிக்கும். ஃபேஸிங் எவ்வளவு நீளம்ங்கிறதும் இதுல சேரும்.

எவ்வளவு பெரிய சந்துன்னு நினைக்கிறீங்க? வான்டோரன் கம்பெனியோட 5ஆர்வி மவுத்பீஸ்ல 1.065 மில்லிமீட்டர். அதே கம்பெனியோட பி45-ல 1.195. வித்தியாசம் 0.13 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் பேப்பர் ஒரு தாளைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணுல பாடுற ரீட் இன்னொண்ணுல முரண்டு பிடிக்கலாம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்தப் பொருத்தம் பார்க்கிற வேலை எப்போ ஒரு நம்பரா மாறிச்சு?

கிளாரினெட் 1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் பிறந்தது. யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்கிற வாத்தியத் தச்சரின் பட்டறையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். அன்றைய மவுத்பீஸ் மரத்தில் கடைந்தது. ரீட்டை நூலால் சுற்றிக் கட்டினார்கள். இன்னொரு விஷயம், இன்றைக்கு கிளாரினெட் வாசிக்கிற யாருக்கும் கேட்டாலே உதடு கூசும்: அந்தக் காலத்தில் பலர் ரீட்டை மேல் பக்கம் வைத்துத்தான் வாசித்தார்கள். ரீட்டை அதிரவிட்டுக் கட்டுப்படுத்தியது மேல் உதடு. இன்றைக்கு அப்படியே தலைகீழ், ரீட் கீழே, கீழ் உதட்டின் மேல் உட்காரும்.

சின்ன மாற்றம் மாதிரி தெரியுதா? மேல் தாடையை அசைக்க முடியாது, கீழ்த் தாடையை அசைக்கலாம். ரீட் கீழே வந்தால் அழுத்தத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம், நாக்கு நேராக ரீட்டைத் தொடலாம். அதனால் ரீட்டின் பக்கம் மாறினால் மவுத்பீஸின் வளைவும் ரீட்டின் கெட்டித்தன்மையும் சேர்ந்தே மாற வேண்டியிருந்தது. பழகிய வாயை முதலிலிருந்து பழக்க வேண்டும். யார்தான் லேசில் ஒத்துக்கொள்வார்கள்?

பாரிஸ் கன்சர்வேட்வார் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே பேராசிரியராக இருந்த ழான் சேவியர் லெஃபெவ்ர் 1802-இல் எழுதிய பாடப்புத்தகம் ரீட்டை மேலே வைக்கத்தான் சொல்லித்தருகிறது. 1812-இல் இவான் முல்லர் என்கிற கலைஞர் 13 சாவிகள் கொண்ட புது கிளாரினெட்டை அந்தக் கன்சர்வேட்வார் குழுவின் முன்னால் வைத்தார். ஒரே வாத்தியத்தில் எல்லா சுருதிகளிலும் வாசிக்கலாம் என்பது அவருடைய வாதம். குழுவில் லெஃபெவ்ரும் இருந்தார். வெவ்வேறு அளவு கிளாரினெட்டுகளுக்கு வெவ்வேறு நாதம் உண்டு, அது போய்விடும் என்று நிராகரித்துவிட்டார்கள். (கேட்டால் நியாயமாகத்தான் இருக்கு. ஆனா கைப்பழக்கமும் அந்த முடிவுல கொஞ்சம் பேசியிருக்கும்னு எனக்குத் தோணுது.) ரீட்டை நூலுக்குப் பதிலாகத் திருகு வைத்த உலோகப் பட்டையால் பிடிக்கிற லிகேச்சரையும் முல்லர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். ஜெர்மானியர்கள் பலர் இன்றைக்கும் நூல்தான் சுற்றுகிறார்கள், அது வேறு கதை.

1831-இல் அதே கன்சர்வேட்வாருக்கு ஃபிரெடெரிக் பெர் பேராசிரியராக வந்தார். ரீட்டை மேலே வைத்து வாசித்துப் பழகி, பிறகு தானே கீழே மாற்றிக்கொண்டவர். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார். பாரிஸில் கதை முடிந்தது. இத்தாலியின் நேபிள்ஸில் மட்டும் பழைய முறை இன்னும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது.

இதுவரைக்கும் எங்கேயாவது நம்பர் வந்துச்சா? இல்லை. ஏன்னா அப்போ வாசிக்கிறவரே ரீட்டைச் சீவிக்கொள்வார். தன்னுடைய மவுத்பீஸில் வைத்துப் பார்ப்பார், கத்தியால் கொஞ்சம் சுரண்டுவார், மறுபடி வைத்துப் பார்ப்பார். பொருத்தம் பார்ப்பதும் செய்வதும் ஒரே வேலை. நம்ம நாகஸ்வரக்காரரை நினைச்சுக்கோங்க. வாத்தியத்திலிருந்து கயிற்றில் நாலைந்து சீவாளி தொங்கும், கூடவே ஒரு ஊசி. நாகஸ்வரத்துக்கு மவுத்பீஸ் கிடையாது. சீவாளி இரண்டு நாக்கு கொண்டது, கெண்டை மேல் உட்காரும். ஆனால் எது எதோடு சேரும் என்று உதட்டில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சீவாளி நம்பர் மூணு கொடுங்கன்னு யாரும் கேட்கிறதில்லை.

ஐரோப்பாவில் இதை மாற்றியது ரப்பர்னு நான் சொல்வேன். மர மவுத்பீஸ் எச்சிலிலும் ஈரத்திலும் கோணிக்கொள்ளும். நேற்றைக்குச் சேர்ந்த ரீட் இன்றைக்குச் சேராது. 1844-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அந்த வழியில் வந்த கெட்டி ரப்பரில் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மவுத்பீஸ் செய்ய ஆரம்பித்தார்கள். வளைவு அப்படியே நின்றது. மவுத்பீஸ் மாறாமல் நின்றால்தானே ரீட்டை அளந்து வெளியாள் விற்க முடியும்?

1905-இல் பாரிஸ் ஓப்பராவில் கிளாரினெட் வாசித்த யூஜீன் வான் டோரன் தனக்கும் சக கலைஞர்களுக்கும் ரீட் செய்து கொடுக்க ஆரம்பித்தார். அதுதான் இன்றைய வான்டோரன். நாணல் தெற்கு பிரான்ஸின் வார் பகுதியிலிருந்து வருகிறது. வெட்டிய தட்டையை வெயிலில் காயவைத்துப் பதப்படுத்தித்தான் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள்.

இப்போ அந்த நம்பர். எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ரெண்டு நம்பர் ரீட் மெல்லிசு, நாலு நம்பர் தடிமன்னுதானே நினைப்போம்? இல்லை. ஒரே வகை ரீட்டுன்னா எல்லா நம்பரையும் ஒரே அளவுலதான் சீவுறாங்க. சீவி முடிச்சப்புறம் ஒரு மெஷின் ஒவ்வொண்ணையும் லேசா வளைச்சுப் பார்க்கும். எவ்வளவு எதிர்க்குதோ அதுக்கேத்த டப்பாவுக்குப் போகும். நம்பரை முடிவு பண்றது புல்லோட நார்தான். ஒரு கம்பெனியோட மூணு இன்னொரு கம்பெனியோட மூணு கிடையாது. அது கிளாஸ் மார்க்கும் கிடையாது.

உலகம் முழுக்கவும் ஒரே பொருத்தம் இல்லை. ஜெர்மன் மவுத்பீஸ் ஒடுக்கம், முனைச் சந்து சின்னது, ஃபேஸிங் நீளம், ரீட்டும் ஒடுக்கமானது. வியன்னாக்காரர்கள் இன்னும் நீளமான ஃபேஸிங்கில் கெட்டி ரீட் போடுவார்கள். ஜாஸ் வாசிப்பவர்கள் பலருக்கு அகலமான சந்தும் இளக்கமான ரீட்டும் வேண்டும், சுருதியை உதட்டாலேயே வளைக்கலாம் என்பதால்.

வளைக்கிறதுன்னு சொன்னதும் நம்ம ஊர் ஞாபகம் வரணும். 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்நாட்டில் சதிர் கச்சேரிகளில் கிளாரினெட் உட்கார்ந்துவிட்டது. பிறகு திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரியும் வாசித்து 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ வாங்கினார். கமகம் வாசிக்க உதடு சொன்னபடி ரீட் இறங்கி ஏற வேண்டும். முரட்டு ரீட் போட்டுக்கொண்டு தோடி வாசித்துப் பாருங்க, தெரியும்.

என் கிளாரினெட்டை நான் விக்கலை. அதே மவுத்பீஸ்தான். பத்து ரீட் இருக்கிற டப்பா வாங்கினா மூணு உடனே பாடும், நாலு ஒரு வாரம் பழக்கினா வழிக்கு வரும், மீதி குப்பை. வாங்கி வந்த நாளே எல்லாத்தையும் ஒவ்வொண்ணா டியூப்லைட் முன்னாடி தூக்கிப் பிடிச்சுப் பார்க்கிறேன், கடைக்காரர் பார்த்த மாதிரியே. இப்போ நீங்க கேக்கப் போற துணுக்கு போன வாரம் என் ரூம்ல பதிவு பண்ணது. ரெண்டரை நம்பர். நடுவுல ஒரு இடத்துல கீச்சுன்னு கத்தும், அதை எடிட் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டேன்.