கம்பி வழி வந்த குரல்

1876-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஆறாண்டுகள் கழித்து, 1882 சனவரி 28-ஆம் நாள், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. வெளியூருடன் பேச விரும்புவோர் நிலையத்தில் பதிவு செய்து, மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1960-இல் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே எண்ணைச் சுழற்றி நேரே பேசும் முறை வந்தது. பின்னாளில் தெருமுனை எஸ்.டி.டி. கூடங்கள், தொலைபேசி இல்லாதார்க்கும் தொலைவைச் சுருக்கித் தந்தன.

1995 சூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு சென்றது. 2004-இல் செல்பேசிகள் எண்ணிக்கையில் கம்பித் தொலைபேசிகளை முந்தின. இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்கள், உடனே கிடைத்ததை ஏற்றதில் வியப்பில்லை.

எனினும் பழைய கருவிக்குத் தனிச்சிறப்புகள் இருந்தன. செம்புக் கம்பிக்குரிய மின்சாரத்தை நிலையத்து மின்கலங்களே வழங்கின. ஆதலின் வீட்டில் விளக்கணைந்த இரவிலும் அது பேசிற்று. செல்பேசிக்கோ கையிலுள்ள மின்கலமும் தொலைவிலுள்ள கோபுரமும் ஒருங்கே இயங்குதல் வேண்டும்.

மற்றொன்று, அவ்வெண் தனியொருவர்க்கு உரியதன்று, வீட்டிற்கு உரியது. நண்பரை அழைத்தவரிடம் முதலில் பாட்டி நலம் வினவுவார். பேரன் ஓடிச்சென்று தந்தையை அழைத்து வருவான். செல்பேசி ஆளைத் தவறாமல் சேர்கிறது. கம்பி வழி சென்ற குரலோ, ஒருவரைத் தேடிச் சென்று ஒரு குடும்பத்தையே கண்டு திரும்பியது.