வெண்ணிற ஆடையில் ஒரு விரதம்

காஞ்சியில் தறியருகே நின்று பார்த்தவர்கள் அறிவர்: கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; ஆயினும் சேலை ஒன்றே. நாடக மேடையையும் திரைப்படத்தையும் தம் வாழ்வில் அவ்வாறு இணைத்தவர் கே. பி. சுந்தராம்பாள்.

1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். இலங்கை மேடைகளிலும் பாடி நடித்துப் புகழ் பெற்றார். உடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவின் கரம் பற்றினார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளாடையே அவர் உடையாயிற்று. ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

கலையை அவர் துறக்கவில்லை. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்குப் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் அது வியப்பூட்டிய தொகை. 1953இல் 'ஔவையார்' ஆனார். சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 1980இல் காலமானார்.

நாடகத்தில் நடித்த பெண்களை இழிவாக நோக்கிய காலம் அது. மேடையில் அவர்கள் பாடிய பக்திப் பாடலுக்குக் கண்ணீர் சிந்தினோம்; வீட்டுத் திண்ணையில் அவர்களுக்கு இடம் தர மறுத்தோம். நந்தனாரை வாயிலில் நிறுத்தியவர்களைக் கடிந்துகொள்ளும் நாம், நந்தனாராக நடித்தவரை எங்கே நிறுத்தினோம்? பட்டின் பளபளப்பைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் நமக்கு, அந்த வெண்ணிற ஆடை இன்றும் ஒரு கேள்வியாகவே நிற்கிறது.