கோலும் பொய்மீனும்

எங்கள் ராயகிரி வட்டாரத்தில் தூண்டில் என்றால் ஒரு மூங்கில் கழி, ஒரு தக்கை, ஒரு முள், ஒரு மண்புழு, விஷயம் முடிந்தது. நிஜமீனைப் போல நீந்தும் சாண் நீளப் பொய்மீனை வெகுதூரம் வீசிப் பெருமீனை ஏமாற்றுவது வேறு வித்தை. அதற்குச் சாமான் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் சரித்திரத்தையும் பார்த்தால் பணம் மிச்சமாகும் என்பது என் அபிப்பிராயம்.

ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்தவர். 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். செத்த சிறுமீனை முள்ளில் கோத்து, நீரில் சுழலவிட்டு இழுப்பது அவர் விரித்துரைத்த முறைகளில் ஒன்று. இன்றைய பொய்மீனுக்கு அது பாட்டன் முறை. அவர் குறிவைத்தது கெண்டை இனத்துப் பெருமீனான மகாசீர். அதற்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. ஆனால் வாய் கவ்வினால் மெல்லிய முள் நசுங்கிவிடும்.

வீசுவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. இரை வேகம் குறைந்த பின்னும் ரீல் சுழன்றுகொண்டே இருக்கும். நரம்பு குருவிக்கூடாய்ச் சிக்கிக்கொள்ளும். 1905-இல் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர் சுழலாத ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். லேசான இரைக்கு அது வரப்பிரசாதம். கனத்த பொய்மீனுக்கோ இன்றும் பெரும்பாலோர் நாடுவது சுழலும் ரீலைத்தான்.

ஆகவே புதியவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பொய்மீனின் கனம். 2 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராமில் தொடங்கலாம். அடுத்து, அந்தக் கனத்துக்கும் சற்று மேலாகவே தாங்கும் என்று குறிக்கப்பட்ட 8 அடிக் கோல். பிறகு, 20 பவுண்டு நரம்பு 100 கெஜமாவது கொள்ளும் ரீல். ரீலைக் கட்டைவிரலால் அடக்கும் பழக்கம் கடையில் கிடைக்காது. அதற்கு முள்ளில்லாத பாரத்தை மைதானத்தில் வீசிப் பழக வேண்டும்.

1946-இல் கபினி ஆற்றில் வான் இங்கன் பிடித்த மகாசீர் 120 பவுண்டு. காவிரிப் படுகைக்கே உரிய அந்தத் திமில் மகாசீர் 2018-இல் மிக அபாயத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தாமஸ் 1870-லேயே மீன்வளம் பற்றி அறிக்கை எழுதியவர். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தது.

மெல்லிய நரம்பு அறுந்தால் மீன் முள்ளோடு போய்ச் சாகலாம். உறுதியான சாமான் அதைச் சீக்கிரம் கரைசேர்க்கும். உயிரோடு திருப்பி விடலாம். கோலைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.